காதுக்குப் பழகட்டும், அப்புறம் கைக்கு

நாலு வயதுக் குழந்தையை உட்காரவைத்து ‘அ’ எழுதச் சொல்லும் அவசரம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அதற்கு முன்னால் காது பழக வேண்டும். எனக்கு இரவு ஷிஃப்ட், அதனால் பகலில் பாப்பா என்னோடுதான். பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டில் இதற்கென்று தனி நேரம் கிடையாது. சமையல், கடை, மெட்ரோ, இவற்றுக்கு நடுவிலேயே நடக்கிறது.

காய்கறிக் கூடையைக் கவிழ்த்ததும் ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லிக் கை தட்டுங்கள். பூண்-டு, இரண்டு தட்டு. தக்-கா-ளி, மூன்று. கத்-த-ரிக்-காய், நான்கு. ‘தக்காளி’யில் நான்கு எழுத்து இருக்கிறதே என்று பெரியவர்களுக்குத் தோன்றும். புள்ளி வைத்த எழுத்துக்குத் தனித் தட்டு இல்லை, முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். இப்போது எழுத்தை எண்ண வேண்டாம். சொல்லைத் துண்டு துண்டாகக் கேட்க வந்துவிட்டால், நாளைக்கு எழுத்துக்கூட்டி வாசிப்பது அவ்வளவு சிரமமாக இருக்காது.

அடுத்து அஞ்சறைப் பெட்டி. “மஞ்சள் மாதிரியே தொடங்குவது வேறு எது?” என்று கேளுங்கள். மல்லி வரும். பாப்பா மிளகையும் சேர்த்துக்கொள்வாள். “தப்பு, அது ‘மி’” என்று திருத்தாதீர்கள். இரண்டுக்கும் உதடு ஒட்டிப் பிரிகிறது, அதைக் குழந்தை கவனித்திருக்கிறது. பெரிய விஷயம் அது! நீங்களும் மெதுவாகச் சொல்லி, உங்கள் உதட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டினால், எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும்.

247 எழுத்தையும் ஒப்பிக்கவைக்க அவசரமில்லை. எழுதத் தொடங்கும்போதும் சுழியும் வளைவுமான ‘அ’வைவிட, நேர்கோடுகளாலான ட, ப சின்னக் கைக்கு எளிது. ம-வில் ஒரு வளைவு கூடுதல், அவ்வளவுதான். இந்த மூன்றும் புள்ளியும் தெரிந்தால் ‘படம்’, ‘பட்டம்’ இரண்டையும் வாசித்துவிடலாம்.

பென்சிலுக்கு விரல் வலுவேண்டும். பனிக்காலத்தில் பெங்களூரு சந்தைகளில் மொச்சைக்காய் குவியும். உரித்து ஊறவைத்த கொட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால், பருப்பு வழுக்கிக்கொண்டு பாயும், தோல் விரலிலேயே நிற்கும். பென்சில் பிடிக்கவேண்டிய விரல்களும் இவைதானே! ஒரு கிண்ணத்தைக் குழந்தையிடம் கொடுங்கள். பாதி தரையில் உருளும், பரவாயில்லை. ஊறிடுச்சா, வழுக்குதா, பிதுக்கு, தோல் தனியா போடு என்று பேசிக்கொண்டே இருங்கள். சொல்வளம் வேறெங்கிருந்து வரும்?

மளிகைச் சீட்டைக் குழந்தை பார்க்கும்படி எழுதுங்கள். பக்கத்தில் ஒரு காகிதம் கொடுத்தால் அதுவும் கிறுக்கும். “என்ன எழுதியிருக்கே, படி” என்று கேட்டால் அழகாக வாசித்துக் காட்டும்.

மெட்ரோவில் ஹலசூரு (அல்சூரின் கன்னடப் பெயர்) நிலையத்தில் ஏறினால் டிரினிட்டி, எம்.ஜி. ரோடு, அப்புறம் கப்பன் பார்க். அறிவிப்பு கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வரும். “அடுத்து என்ன?” என்று கேட்டுவிட்டு, நிலையப் பலகையைக் காட்டுங்கள். கன்னடத்திலும் அ, ஆ, இ, ஈ வரிசைதான். பள்ளிக்கு ஆங்கிலம் வேண்டும் என்று வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள். ஒரு மொழியில் ஒலியைப் பிரித்துக் கேட்கப் பழகியது மற்ற மொழிக்கும் கைகொடுக்கும்.

தூங்கும்முன் ஒரு கதை. நம்ம ஊர்க் குழந்தைப் புத்தகப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சொல்லுக்குக் கீழே விரலை நகர்த்தி வாசியுங்கள். நடுவில் நிறுத்தி “அவன் ஏன் அழுறான்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பதிலை நீங்களே சொல்லிவிடாதீர்கள். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டால், சலிக்காமல் வாசியுங்கள்.

கடைசியாக ஒன்று. பின்னாலிருந்து கூப்பிட்டால் குழந்தை திரும்புவதில்லை, டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்கிறது என்றால், முதலில் காது டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.