லண்டனுக்கு முதல்முறை வருகிறீர்களா? பஸ்ஸிலும் டியூபிலும் குறைந்த செலவில் ஊர் சுற்றுவது எப்படி

லண்டன் வருகிறவர்கள் விமான டிக்கெட்டையும் ஹோட்டல் வாடகையையும் மாதக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். ஊருக்குள் எப்படிப் போய்வருவது என்பதை மட்டும் இறங்கினபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு பவுண்ட் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிற காலத்தில் அப்படி விட்டால், நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு விமான நிலையத்திலிருந்து வெளியே வருவதற்குள்ளேயே பத்தாயிரம் ரூபாய் போய்விடும். இத்தனைக்கும் இந்த ஊரில் மலிவாகச் சுற்றுவது கஷ்டமே இல்லை. பாஸ் எதுவும் வாங்க வேண்டாம். ஆளுக்கு ஒரு கார்டு, எப்போதும் அதே கார்டு, ஒழுங்கான டேப் (கார்டை ரீடரில் தொட்டு எடுப்பது), அவ்வளவுதான். மீதிக் கணக்கை அவர்களுடைய கம்ப்யூட்டரே பார்த்து, இருப்பதிலேயே குறைந்த தொகையைத்தான் எடுக்கும்.

கீழே இருக்கிற கட்டணங்கள் 2025 மார்ச் நிலவரப்படி. பொதுவாக ஒவ்வொரு மார்ச் மாதமும் கட்டணத்தைத் திருத்துவார்கள் என்பதால், கிளம்பும் வாரத்தில் டிஎஃப்எல் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். டிஎஃப்எல் என்பது லண்டனின் பஸ், டியூப் (சுரங்க ரயில்), டிராம் எல்லாவற்றையும் நடத்துகிற அரசு அமைப்பு.

படி 1: ஊரிலேயே கார்டைத் தயார் செய்யுங்கள்

லண்டன் பஸ்ஸில் காசு வாங்குவதை 2014 ஜூலையிலேயே நிறுத்திவிட்டார்கள். டிரைவரிடம் பத்து பவுண்ட் நோட்டை நீட்டினாலும் ஏற்றமாட்டார். யுபிஐ இங்கே வேலைக்கு ஆகாது. வைஃபை மாதிரி நாலு வளைகோடு போட்ட கான்டாக்ட்லெஸ் கார்டு (விசா, மாஸ்டர்கார்டு, அமெக்ஸ்) இருந்தால் போதும், டெபிட், கிரெடிட், ஃபாரெக்ஸ் எதுவானாலும் சரி.

இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2020-லிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் கான்டாக்ட்லெஸும் மூடியே வரும். வங்கியின் ஆப்பில் போய் நீங்களே இரண்டையும் திறந்துவிட வேண்டும். ஒன்றைத் திறந்து இன்னொன்றை மறந்தால் ஹீத்ரோ விமான நிலைய டியூப் கேட்டில் சிவப்பு விளக்குதான் எரியும். அப்படியே வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி எத்தனை சதவீதம் கூடுதலாகப் பிடிக்கிறது என்றும் பாருங்கள். சில கார்டுகளில் அது மூன்று சதவீதத்துக்கும் மேல் போகும், சிலவற்றில் இல்லவே இல்லை.

ஆளுக்கு ஒரு கார்டு என்பதை இன்னொருமுறை சொல்கிறேன், ஏனென்றால் நம் குடும்பங்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். அப்பா தன் கார்டை டேப் செய்து உள்ளே போய்விட்டு, அதே கார்டைப் பின்னால் அம்மாவிடம் நீட்டினால் கேட் திறக்காது. வங்கியில் கேட்டால் ஆட்-ஆன் கார்டு தருவார்கள், அதில் எண் வேறாக இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதுவும் முடியாதென்றால் கார்டு இல்லாதவருக்கு மட்டும் ஆய்ஸ்டர் கார்டு வாங்குங்கள். 2003-லிருந்து இருக்கிற, பணம் போட்டுப் பயன்படுத்தும் நீலக் கார்டு அது. டியூப் நிலைய மெஷினில் கிடைக்கும். கார்டுக்குத் தனிக் கட்டணம் உண்டு, அது திரும்ப வராது. உள்ளே போட்ட பணத்துக்குக் காலக்கெடு இல்லை என்பதால் அடுத்து வரும் சொந்தக்காரருக்கு அப்படியே கொடுத்துவிடலாம்.

படி 2: ஹீத்ரோவிலிருந்து எதில் ஏறுவது

விமான நிலையத்தில் கண்ணில் படும்படி விளம்பரம் வைத்திருப்பது ஹீத்ரோ எக்ஸ்பிரஸ். லண்டனின் பாடிங்டன் ரயில் நிலையத்துக்குப் பதினைந்து நிமிடத்தில் போய்விடும், அன்றைக்கே வாங்கினால் ஒருவருக்கு 25 பவுண்ட். 2022 மே மாதம் திறந்த எலிசபெத் லைன், மத்திய லண்டன் வரை 13.90. பிக்கடில்லி லைன் டியூப் 5.80 பவுண்ட், சுமார் ஒரு மணி நேரம். நாலு பேர் என்றால் முதலாவதுக்கும் கடைசிக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட 77 பவுண்ட்.

என் சிபாரிசு பிக்கடில்லி லைன்தான். விமான நிலையத்திலிருந்தே ரயில் கிளம்புவதால் உட்கார இடம் கிடைக்கும், பெட்டியையும் காலடியில் வைத்துக்கொள்ளலாம். பெரிய பெட்டிகளோடு ரயில் மாறுவதுதான் சிரமம். பழைய நிலையங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது, படிக்கட்டில் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். அதனால் எங்கே மாறுகிறோம் என்பதை முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். உதாரணமாக ஈஸ்ட் ஹாமில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் ஹேமர்ஸ்மித்தில் இறங்குங்கள். அதே பிளாட்ஃபாரத்தின் எதிர்ப்பக்கத்தில் டிஸ்ட்ரிக்ட் லைன் வந்து நிற்கும், ஒரு படிகூட ஏறி இறங்க வேண்டாம். அப்மின்ஸ்டர் (Upminster) அல்லது பார்க்கிங் (Barking) என்று போட்டிருக்கிற வண்டியில் ஏறினால் நேராக ஈஸ்ட் ஹாம். வேறு பக்கம் போகிறவர்கள் கிங்ஸ் கிராஸ், கிரீன் பார்க்கில் மாறலாம், இரண்டிலும் லிஃப்ட் உண்டு.

நள்ளிரவில் வந்து இறங்கினால் என்ன செய்வது? வெள்ளி, சனி இரவுகளில் பிக்கடில்லி லைன் விடிய விடிய ஓடும் (டெர்மினல் 4 தவிர). மற்ற நாட்களில் என்9 என்ற இரவு பஸ் மத்திய லண்டன் வரை போகும், கட்டணம் சாதாரண பஸ் கட்டணமேதான்.

படி 3: டேப் செய்யும் முறை

டியூபிலும் ரயிலிலும் ஏறும்போதும் டேப், இறங்கும்போதும் டேப். சென்னை மெட்ரோ கார்டு வைத்திருந்தவர்களுக்கு இது பழக்கமானதுதான். மஞ்சள் வட்டம் கேட்டின் வலது பக்கம் இருக்கும். பஸ்ஸிலும் டிராமிலும் ஏறும்போது மட்டும் டேப், இறங்கும்போது வேண்டாம்.

கேட் இருக்கிற நிலையத்தில் யாரும் மறப்பதில்லை, கேட்டே இல்லாத நிலையங்களில்தான் மறந்துவிடுகிறார்கள். கேனரி வார்ஃப், கிரீன்விச் பக்கம் ஓடுகிற டிஎல்ஆர் என்ற குட்டி ரயிலின் நிலையங்கள் பலவற்றில் கேட் கிடையாது. பிளாட்ஃபாரத்துக்குப் போகிற வழியில் ஒரு கம்பத்தில் மஞ்சள் ரீடர் மட்டும் இருக்கும், பேசிக்கொண்டே தாண்டிப் போய்விட வாய்ப்பு அதிகம். இறங்கும்போது டேப் செய்யாவிட்டால் நீங்கள் எங்கே இறங்கினீர்கள் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது, அதனால் அதிகபட்சக் கட்டணத்தை எடுத்துவிடும். ஏறும்போது டேப் செய்யாமல் பரிசோதகரிடம் மாட்டினால் அபராதம் 100 பவுண்ட், 21 நாளுக்குள் கட்டினால் 50.

இளஞ்சிவப்பு ரீடர்களும் சில நிலையங்களில் இருக்கும். நகரத்தின் நடுப்பகுதிக்குள் போகாமல் சுற்றுவழியில் போனேன் என்று சொல்வதற்கு அது. நடுவில் ரயில் மாறும் இடத்தில் கண்ணில் பட்டால் அதிலும் ஒரு டேப் செய்துவிடுங்கள், கட்டணம் குறையும்.

காலையில் கார்டு, மதியம் ஃபோன் என்று மாற்றவே மாற்றாதீர்கள். ஃபோனுக்குள் இருப்பது அதே வங்கிக் கார்டே ஆனாலும் இவர்கள் கணக்கில் அது வேறு ஆள். இது ஏன் முக்கியம் என்பது அடுத்த படியில் புரியும்.

படி 4: உச்சவரம்பைப் புரிந்துகொள்ளுங்கள்

லண்டனை வெங்காயத்தை வெட்டின மாதிரி வட்டம் வட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். நடுவில் இருப்பது ஜோன் 1, வெளியே போகப் போக எண் கூடும், ஹீத்ரோ ஜோன் 6. ஒரு நாளில் எத்தனை தடவை பயணம் செய்தாலும் இதற்கு மேல் எடுக்கமாட்டோம் என்று ஒரு தொகை வைத்திருக்கிறார்கள். ஜோன் 1, 2-க்குள் மட்டும் சுற்றினால் நாளுக்கு 8.90 பவுண்ட், ஜோன் 3 வரை என்றால் 10.50, ஜோன் 6 வரை 16.30. நாள் என்பது காலை 4:30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 4:29 வரை. வாரத்துக்கும் இப்படி ஒரு வரம்பு உண்டு, ஜோன் 1, 2-க்கு 44.70. அது திங்கள் முதல் ஞாயிறு வரை என்று நிலையான கணக்கு, புதன்கிழமை வந்து இறங்கினால் உங்களுக்காக புதனிலிருந்து எண்ணமாட்டார்கள். ஒரு வாரம்தான் இருக்கப்போகிறோம், தேதியும் நம் கையில் என்றால், ஞாயிறு வந்து சேர்ந்து திங்கள் முதல் சுற்றுவது லாபம்.

இந்த வரம்பெல்லாம் ஒரே கார்டில் சேர்ந்தால்தான். நாலு பயணத்தில் இரண்டைக் கார்டிலும் இரண்டை ஃபோனிலும் போனால் இரண்டுமே வரம்பைத் தொடாது.

மெஷினில் காகித டிக்கெட் வாங்கவே வாங்காதீர்கள். ஜோன் 1-க்குள் ஒரு டியூப் பயணம், பீக் நேரத்திலேயே கார்டில் 2.90. அதே பயணத்துக்குக் காகித டிக்கெட் 7 பவுண்ட்.

பீக் நேரம் என்பது திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6:30 முதல் 9:30, மாலை 4 முதல் 7. முடிந்தால் ஒன்பதரைக்கு மேல் கிளம்புங்கள். காசும் குறையும், வேலைக்குப் போகிற கூட்டத்தில் குழந்தைகளோடு நசுங்கவும் வேண்டாம்.

படி 5: டியூபை விட பஸ்ஸை நம்புங்கள்

இதைத்தான் நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். பஸ்ஸில் எவ்வளவு தூரம் போனாலும் 1.75 பவுண்ட். முதல் பஸ்ஸில் டேப் செய்த நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேறு எத்தனை பஸ்ஸில் ஏறினாலும் காசு கிடையாது. இதற்கு ஹாப்பர் என்று பெயர், 2016-லிருந்து இருக்கிறது. கடைசி பஸ்ஸில் அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிட்டால் போதும், இறங்க நேரமானாலும் பரவாயில்லை. நாள் முழுக்க பஸ்ஸிலேயே சுற்றினால் வரம்பு 5.25, அதாவது மூன்று டிக்கெட்டுக்கான காசு.

சுற்றுலா பஸ்காரர்கள் காட்டுகிற அதே இடங்களைத்தான் சாதாரண சிவப்பு பஸ்ஸும் காட்டுகிறது. 15-ஆம் எண் பஸ்ஸில் டவர் ஹில்லில் ஏறி மாடியில் முன் இருக்கையில் உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடம் கண்ணாடி முழுக்க வந்து நிற்கும். அப்புறம் ஃப்ளீட் ஸ்ட்ரீட், ஸ்ட்ராண்ட், கடைசியில் டிரஃபால்கர் சதுக்கம். 9-ஆம் எண் பஸ் ஹைட் பார்க் ஓரமாக ராயல் ஆல்பர்ட் ஹால் பக்கம் போகும்.

நிறுத்தத்தில் கம்பத்தின் உச்சியில் ஒரு ஆங்கில எழுத்து இருக்கும். ஒரே பெயரில் பத்து நிறுத்தம் இருக்கிற இடங்களில் அந்த எழுத்தை வைத்துத்தான் உங்கள் பஸ் எங்கே நிற்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். டிஎஃப்எல் கோ, சிட்டிமேப்பர், கூகுள் மேப்ஸ் எல்லாமே அந்த எழுத்தைக் காட்டும். பஸ் வருவது தெரிந்ததும் கையை நீட்டுங்கள், முன்வாசலில் ஏறுங்கள், டேப் செய்யுங்கள், இறங்குகிற நிறுத்தத்துக்கு முன்னால் கம்பியில் இருக்கிற சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். கண்டக்டர் கிடையாது, போகும் இடத்தை யாரிடமும் சொல்லவும் வேண்டாம்.

மாலை நேர நெரிசலில் மட்டும் பஸ் நகராது, அப்போது டியூபுக்கு மாறிக்கொள்ளுங்கள். சில இடங்களுக்கு இரண்டுமே வேண்டாம். லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து கோவென்ட் கார்டனுக்கு டியூபில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் முந்நூறு மீட்டர்கூட இல்லை, கீழே இறங்கி மேலே வருவதற்குள் நடந்தே போய்விடலாம்.

படி 6: குழந்தைகள்

பதினொரு வயதுக்குக் கீழே பஸ்ஸில் இலவசம். டியூபிலும் பெரியவர் ஒருவரோடு போனால் இலவசம், ஒருவர் நாலு குழந்தைகள் வரை கூட்டிப்போகலாம், அகலமான கேட்டில் ஊழியரிடம் சொன்னால் திறந்துவிடுவார். 11 முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஆய்ஸ்டர் கார்டு ஒன்று வாங்கி, நிலைய ஊழியரிடம் ‘யங் விசிட்டர்’ சலுகையை ஏற்றித்தரச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளையும் கூடவே இருக்க வேண்டும். 14 நாள் வரை பாதிக் கட்டணம். கேட்காமல் யாரும் தானாக ஏற்றித் தரமாட்டார்கள், பிள்ளை கையில் வங்கிக் கார்டைக் கொடுத்தால் பெரியவர் கட்டணமே போகும்.

படி 7: முதல் நாளை இப்படிச் செய்து பாருங்கள்

ஈஸ்ட் ஹாமில் தங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் ஆட்கள் பலர் அங்கேதான் இறங்குகிறார்கள், நல்ல சாப்பாட்டுக்கும் குறைவில்லை. அந்த நிலையம் ஜோன் 3, 4 இரண்டுக்கும் எல்லையில் இருப்பதால், நகரத்துக்குள் போய்வர ஜோன் 3 கணக்கிலேயே எடுக்கும். ஒன்பதரைக்கு மேல் டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறி டவர் ஹில்லில் இறங்குங்கள். டவர் பிரிட்ஜைப் பார்த்துவிட்டு 15-ஆம் எண் பஸ், வழியில் செயின்ட் பாலில் இறங்கி வெளியிலிருந்து பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் முடியும்முன் அடுத்த 15-ஐப் பிடித்தால் இரண்டாவது பஸ் இலவசம். டிரஃபால்கர் சதுக்கத்தில் நேஷனல் கேலரிக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கிருந்து வொயிட்ஹால் வழியாகப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் பிக் பென். எதிரிலேயே வெஸ்ட்மின்ஸ்டர் நிலையம், அதே டிஸ்ட்ரிக்ட் லைன், ரயில் மாறாமல் வீடு. அன்றைக்கு எவ்வளவு அலைந்தாலும் ஒருவருக்கு 10.50-க்கு மேல் போகாது.

அந்த வாரத்தில் இன்னொரு நாள் கியூ கார்டன்ஸ் என்ற தாவரவியல் பூங்காவுக்குப் போக ஆசை இருந்தால், ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து ரிச்மண்ட் போகும் மில்ட்மே லைனில் ஏறுங்கள். ஜோன் 1-ஐத் தொடாமல் சுற்றிக்கொண்டு நேராகக் கொண்டுபோய் விடும், கட்டணமும் குறைவு. படகும் கேபிள் காரும் மேலே சொன்ன வரம்புக்குள் வராது, அவற்றுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

ஊர் திரும்பும் நாளில் பிக்கடில்லி லைனில் ஏறும்போது ரயிலின் நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். டெர்மினல் 4 என்று போட்டது 5-க்குப் போகாது, 5 என்று போட்டது 4-க்குப் போகாது, 2-க்கும் 3-க்கும் எதில் ஏறினாலும் சரி. தப்பான வண்டியில் ஏறிவிட்டாலும் பதற வேண்டாம். ஹேட்டன் கிராஸில் இறங்கி அடுத்ததற்கு மாறலாம், அதையும் விட்டுவிட்டால் டெர்மினல்களுக்கு நடுவில் ரயில் இலவசம்.