முழு ஆய்வேடு வேண்டாம், இரண்டாம் இயல் போதும்

ஆய்வுத் தலைப்புக்குக் கட்டுரைகள் தேடும்போது நேராக ஆய்விதழ்களுக்குள் நுழையாதீர்கள். முதலில், இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்துவைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் அதே துறையில் வந்த ஒரு பிஎச்.டி ஆய்வேட்டைத் திறந்து, முன்னாய்வுகளைப் பேசும் இயலையும் கடைசியில் உள்ள துணைநூற்பட்டியலையும் மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள்.

சோத்கங்காவில் ஆய்வேடு பெரும்பாலும் ஒரே கோப்பாக இருப்பதில்லை. முகப்பு, சான்றிதழ், ஒவ்வொரு இயல் என்று தனித்தனி பிடிஎஃப்பாகக் கிடக்கும். முன்னாய்வு பெரும்பாலும் இரண்டாம் இயல்தான். கொடைக்கானலில் மழை பிடித்துக்கொண்டு சிக்னல் ஒரு கோடாகச் சுருங்கும் நாளிலும் அந்த இரண்டு கோப்புகள் எப்படியாவது இறங்கிவிடும். கடவுச்சொல்லும் தேவையில்லை, காசும் இல்லை. பட்டியலில் கண்ணில் படும் ஏழெட்டுக் கட்டுரைகளைக் குறித்துவைத்து, அப்புறம் அவற்றை மட்டும் என்-லிஸ்ட்டில் (கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்னூல்களும் தரும் சேவை) தேடலாம். (என்-லிஸ்ட்டில் உங்கள் கல்லூரி உறுப்பினர் என்றால் நூலகரிடம் தனிக் கணக்கு கேட்டு வாங்குங்கள், வீட்டிலிருந்தே நுழையலாம். பலர் கேட்பதே இல்லை.)

2015இல் முடிந்த ஆய்வேட்டில் அதற்குப் பிறகு வந்தது எதுவும் இருக்காது. வேகமாக மாறும் துறைகளுக்கு இந்த வழி சரிவராது. பழைய ஆய்வேடுகள் சில வெறும் ஸ்கேன் படங்கள், சொல் தேடல் அதில் வேலை செய்யாது. இன்னொன்று: ஆய்வேட்டில் படித்ததை வைத்து மூலக் கட்டுரையை மேற்கோள் காட்டாதீர்கள். ஆண்டும் பக்க எண்ணும் அங்கே பிழையாக இருப்பது சகஜம்.