புதிய ஆட்டோகேட் மந்தமாக ஓடுகிறதா? காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

நேற்று வரை பழைய பதிப்பில் ஒழுங்காக ஓடிய டிராயிங். இன்று அதையே புதிய ஆட்டோகேடில் திறந்தால் ஒரு கோட்டைத் தேர்ந்தெடுக்கவே மூச்சு வாங்குகிறது. ஜூம் செய்தால் படம் விட்டு விட்டு நகர்கிறது. பிளாட் கொடுத்தால் திரை வெளுத்துப்போய் நிற்கிறது. உடனே இரண்டு யோசனைதான் வரும்: கம்ப்யூட்டரை மாற்றலாம், இல்லையென்றால் பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாம். இரண்டுக்கும் அவசரப்படாதீர்கள். நான் சரிசெய்து கொடுத்த கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றில் சிக்கல், பழைய பதிப்பிலிருந்து கூடவே வந்துவிட்ட ஏதோ ஓர் அமைப்பில்தான் இருந்தது. வீடு மாறும்போது பரணில் கிடந்த பெட்டியையும் பிரித்துப் பார்க்காமல் ஏற்றிக்கொண்டு வருவோமே, அப்படி.

ஆட்டோகேட் பயன்படுத்தத் தொடங்கிச் சில மாதங்களே ஆனவர்களும் செய்யக்கூடிய வழிகளை மட்டும் இங்கே எழுதுகிறேன். கட்டளைப் பெயர்களை ஒலிப்பில் தந்திருக்கிறேன். கமாண்ட் லைனில் ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் அடியுங்கள். மூன்று நான்கு எழுத்து அடித்ததுமே பட்டியல் வந்துவிடும், அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் நேரத்தை அளந்து வையுங்கள்

பழைய பதிப்பை இன்னும் அழிக்கவில்லை என்றால் அழிக்காதீர்கள். இரண்டு பதிப்புகளும் ஒரே கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். மந்தமாக இருக்கும் டிராயிங்கை ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியை இரண்டிலும் திறந்து பாருங்கள். 2018 முதல் 2025 வரையிலான பதிப்புகள் எல்லாமே ஒரே கோப்பு வடிவத்தில் சேமிப்பதால், இந்த வரம்புக்குள் மாறியவர்களுக்கு ஒப்பிடுவது எளிது.

கைப்பேசியில் ஸ்டாப்வாட்சை எடுத்து மூன்று நேரங்களைக் குறியுங்கள்: கோப்பு திறக்க ஆகும் நேரம், ரீஜென் (படத்தை மறுபடி கணக்கிட்டு வரைவது) கொடுத்தால் ஆகும் நேரம், மாடலிலிருந்து லேஅவுட்டுக்குப் போக ஆகும் நேரம். கம்ப்யூட்டரைப் போட்ட உடனே முதல் தடவை திறப்பது எப்போதும் மெதுவாகத்தான் இருக்கும், அந்தக் கணக்கை விட்டுவிட்டு இரண்டாவது தடவையை எடுங்கள். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இந்த மூன்றையும் மறுபடி அளக்க வேண்டும். ஐந்தை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்றே தெரியாது. அடுத்த கம்ப்யூட்டருக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வேலை செய்கிறதா, காத்திருக்கிறதா?

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இதுதான். ஆட்டோகேட் நிற்கும்போது அது உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கலாம், அல்லது வேறு எதன் பதிலுக்காகவோ சும்மா காத்துக்கொண்டிருக்கலாம். திரையில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், வைத்தியம்தான் வேறு வேறு.

கண்டுபிடிப்பது சுலபம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதைத் திரையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு ஆட்டோகேடில் வேலையைச் செய்யுங்கள். அது நிற்கும் நேரத்தில் ஆட்டோகேட் வரியில் சிபியு எவ்வளவு என்று பாருங்கள்.

இங்கே புதியவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. ஆட்டோகேடின் பெரும்பாலான வேலைகளை பிராசஸரின் ஒரே ஒரு கோர்தான் செய்கிறது. உங்கள் பிராசஸர் ஒரே நேரத்தில் 8 வேலைகளைச் செய்யக்கூடியது என்றால், ஒரு கோர் முழு மூச்சாக ஓடினாலும் டாஸ்க் மேனேஜர் 12 அல்லது 13 சதவீதம் என்றுதான் காட்டும். 16 என்றால் 6 சதவீதம்தான். அதைப் பார்த்துவிட்டு "கம்ப்யூட்டர் சும்மாதானே இருக்கிறது" என்று நினைக்கக்கூடாது. 12-லேயே அசையாமல் நின்றால் அது வேலை செய்கிறது. 0-வை ஒட்டிக் கிடந்தால் காத்திருக்கிறது.

காத்திருக்கிறது என்றால்

எங்கள் அலுவலகத்தில் 2018 பதிப்பிலிருந்து 2024 பதிப்புக்கு மாறியபோது ஒரு மேசையில் இருந்த கம்ப்யூட்டர் மட்டும் படுத்தி எடுத்தது. டிராயிங் திறந்தால் நிற்கும், ஹேட்ச் போட்டால் நிற்கும், கட்டளையைத் தப்பாக அடித்தால்கூட நிற்கும். ரேமைக் கூட்டினோம், டிரைவரை மாற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை. அந்த மேசையில் வரைகிற அக்காதான் ஒருநாள் சொன்னார்: "தம்பி, பெரிய டிராயிங்குக்கும் அதே நேரம்தான் நிக்குது, காலி டிராயிங்குக்கும் அதே நேரம்தான் நிக்குது. கவனிச்சியா?"

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. கணக்குப் போடுவதாக இருந்தால் டிராயிங்கின் அளவுக்குத் தக்கபடி நேரம் கூடிக் குறையும். எப்போதும் ஒரே அளவு நேரம் நிற்கிறது என்றால், பதில் வராத ஒன்றைக் கூப்பிட்டு, நேரம் தீர்ந்ததும் கைவிடுகிறது என்று அர்த்தம்.

ஆப்ஷன்ஸ் கட்டளையைக் கொடுத்து, ஃபைல்ஸ் தாவலில் சப்போர்ட் ஃபைல் சர்ச் பாத் என்ற வரியை விரித்தோம். மேலிருந்து நான்காவது வரியில், எப்போதோ கழற்றி எடுத்துவிட்ட பழைய சர்வரின் பெயர் இருந்தது. நிறுவும்போது பழைய அமைப்புகளைக் கொண்டுவரவா என்று கேட்டதற்குச் சரி கொடுத்ததால் அதுவும் சேர்ந்தே வந்திருக்கிறது. எழுத்துரு, கோட்டு வகை, லிஸ்ப் நிரல் (ஆட்டோகேடுக்குள் ஓடும் சிறு நிரல்) என்று எதைத் தேடினாலும் ஆட்டோகேட் இந்தப் பட்டியலை மேலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே வரும். நான்காவது வரிக்கு வந்ததும் இல்லாத சர்வரின் கதவைத் தட்டிவிட்டு நின்றுவிடும். அந்த வரியை நீக்கினோம். அன்று மாலைக்குள் அக்கா பாக்கி வேலையை முடித்துவிட்டார்.

நீங்களும் இதையே செய்யுங்கள். ஆனால் அதற்கு முன், அதே ஆப்ஷன்ஸில் புரொஃபைல்ஸ் தாவலுக்குப் போய் எக்ஸ்போர்ட் கொடுத்து இப்போதைய அமைப்பை ஒரு கோப்பாகச் சேமித்துவிடுங்கள். பிறகு பட்டியலின் ஒவ்வொரு பாதையையும் விண்டோஸ் எக்ஸ்புளோரரில் ஒட்டித் திறந்து பாருங்கள். திறக்காதவற்றையும் பழைய பதிப்பின் ஃபோல்டரைக் காட்டுபவற்றையும் மட்டும் நீக்குங்கள். புதிய ஆட்டோகேட் தானாகச் சேர்த்துக்கொண்ட பாதைகளில் கை வைக்க வேண்டாம். அதே தாவலில் ஆட்டோமேட்டிக் சேவ் ஃபைல் லொகேஷனையும் ஒரு பார்வை பாருங்கள். அது நெட்வொர்க்கைக் காட்டினால் சி டிரைவுக்கு மாற்றுங்கள். தானாகச் சேமிக்கும் இடைவெளி வழக்கமாக 10 நிமிடம். கடிகாரம் வைத்தது போல 10 நிமிடத்துக்கு ஒருமுறை திரை உறைகிறது என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

அடுத்த ஆள் பிரின்டர். பிளாட் பெட்டி திறக்கவோ லேஅவுட்டுக்கு மாறவோ மட்டும் நேரம் ஆகிறதா? விண்டோஸில் இயல்பு பிரின்டராக இருப்பது இப்போது இணைப்பில் இல்லாத ஒன்றா என்று பாருங்கள். சோதனைக்காக மைக்ரோசாஃப்டின் பிடிஎஃப் பிரின்டரை இயல்பாக வைத்துப் பாருங்கள். டிராயிங்கின் ஒவ்வொரு லேஅவுட்டும் தனக்கென்று ஒரு பிளாட்டரின் பெயரை நினைவில் வைத்திருக்கும். வெளியிலிருந்து வந்த டிராயிங் என்றால் அது அவர்கள் அலுவலகத்துப் பிளாட்டராக இருக்கும். பேஜ்செட்டப் கட்டளையில் பிரின்டரை நன் (எதுவும் இல்லை) என்று மாற்றிச் சேமித்துவிட்டால் அந்தத் தேடல் நின்றுவிடும்.

கோப்பு திறப்பது மட்டும் மெதுவா? டிராயிங்கை சர்வரிலிருந்து சி டிரைவுக்கு நகலெடுத்துத் திறந்து பாருங்கள். அங்கே வேகமாகத் திறந்தால் சிக்கல் நெட்வொர்க்கிலோ ஆன்டிவைரஸிலோ இருக்கிறது. ஆன்டிவைரஸை முழுதாக நிறுத்திவிடாதீர்கள். ஆட்டோகேட் நிறுவப்பட்ட ஃபோல்டருக்கு மட்டும் விலக்குக் கொடுக்கச் சொல்லி, கம்ப்யூட்டரைக் கவனிப்பவரிடம் கேளுங்கள். எக்ஸ்ரெஃப் (டிராயிங்கோடு இணைத்த வெளிக் கோப்புகள்) கட்டளை கொடுத்து, நாட் ஃபவுண்ட் என்று காட்டும் இணைப்புகளையும் பார்த்துவிடுங்கள். தேவையில்லாததை டிடாச் செய்யலாம், தேவையானதற்குச் சரியான பாதையைக் கொடுக்கலாம்.

வேலை செய்கிறது என்றால்

அக்காடிஐஎஸ்ஓ டெம்ப்ளேட்டில் ஒரு காலி டிராயிங்கைத் திறந்து நான்கு கோடு, இரண்டு வட்டம் போட்டு ஜூம் செய்து பாருங்கள். காலி டிராயிங்கிலும் கர்சர் இழுத்தால் கிராஃபிக்ஸைப் பார்க்க வேண்டும். அதில் பறக்கிறது, உங்கள் டிராயிங்கில் மட்டும் திணறுகிறது என்றால் டிராயிங்கைச் சுத்தம் செய்ய வேண்டும்.

கிராஃபிக்ஸுக்கு கிராஃபிக்ஸ்கான்ஃபிக் என்ற கட்டளை. அதில் உங்கள் கார்டின் பெயரும் டிரைவர் பதிப்பும் தெரியும். ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை (படம் காட்டும் வேலையைக் கார்டிடம் விடும் வசதி) நிறுத்திப் பாருங்கள். நிறுத்தியதும் சரியாகிவிட்டால் டிரைவர்தான் ஒத்துவரவில்லை. என்விடியா, ஏஎம்டி, இன்டெல் என்று கார்டு யாருடையதோ அவர்கள் தளத்திலிருந்தே புது டிரைவரை இறக்கிப் போட்டு, ஆக்சிலரேஷனை மறுபடி இயக்கிவிடுங்கள். நிறுத்தியபடியே விட்டுவிடுவது தற்காலிகத் தீர்வுதான், முப்பரிமாண வேலைக்குக் கார்டு கட்டாயம் வேண்டும்.

லேப்டாப் என்றால் கூடுதலாக ஒன்று. பல லேப்டாப்களில் இரண்டு கிராஃபிக்ஸ் இருக்கும்: பிராசஸரோடு சேர்ந்த சிறியது ஒன்று, தனியாகப் பெரியது ஒன்று. பழைய பதிப்புக்குப் பெரியதை ஒதுக்கி வைத்திருப்பீர்கள், புதிய பதிப்புக்கு அந்த ஏற்பாடு தானாக வராது. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, கிராஃபிக்ஸ் என்று போய், புதிய ஆட்டோகேடின் இயங்கு கோப்பைச் சேர்த்து, ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று தேர்ந்தெடுங்கள். சார்ஜர் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது பிராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

மவுஸை நகர்த்தும்போது மட்டும் திணறல் என்றால், செலக்‌ஷன்பிரிவியூ என்று அடித்து 0 கொடுங்கள், ரோல்ஓவர்டிப்ஸுக்கும் 0. கர்சர் தொடுகிற ஒவ்வொரு பொருளையும் ஒளிரவைக்கிற வேலை அத்துடன் நின்றுவிடும். ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் கொடுத்தால் படம் மிதந்து மிதந்து வருவதை மந்தம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது விடிஎனேபிள் என்ற அமைப்பு, 0 கொடுத்தால் ஒரே பாய்ச்சலில் போய்விடும். ஆயிரக்கணக்கில் பொருட்களை ஒன்றாகத் தேர்ந்தெடுக்கும்போது பிராப்பர்டீஸ் பலகையை மூடிவிடுவதும் நல்லது.

இனி டிராயிங்கைச் சுத்தம் செய்வது. இதையும் பிரதியில்தான் செய்ய வேண்டும்.

1. ஆடிட் கொடுங்கள். பிழைகளைத் திருத்தவா என்று கேட்கும்போது ஒய். டிராயிங் திறக்கவே மறுத்தால் ரெகவர் கட்டளை வழியாகத் திறக்கலாம்.

2. பர்ஜ் கொடுத்து, பயன்படாத பிளாக், லேயர், கோட்டு வகைகளை நீக்குங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பவற்றையும் நீக்கும் பெட்டியில் டிக் போட மறக்காதீர்கள்.

3. அடுத்தது பலருக்கும் தெரியாதது. முன்னால் ஒரு மைனஸ் குறி போட்டு பர்ஜ் என்று அடித்தால் பெட்டி வராது, கமாண்ட் லைனிலேயே கேள்வி வரும். ஆர் என்று கொடுத்து எண்டர், பெயர் கேட்டால் வெறும் எண்டர், ஒவ்வொன்றாகச் சரிபார்க்கவா என்று கேட்டால் என் (நோ). ரெக்ஆப் எனப்படும் பதிவுகள் இதில்தான் போகும், முந்தைய பெட்டியில் போகாது. டிராயிங்கைத் தொட்ட கூடுதல் மென்பொருள்கள் தங்கள் பெயரை உள்ளே பதிந்துவிட்டுப் போயிருக்கும். பிளாக், எக்ஸ்ரெஃப் வழியாக ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவி இவை ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடும். முதல் தடவை இதை ஓட்டும்போது கமாண்ட் லைனில் வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும், பயப்பட வேண்டாம்.

4. மைனஸ் குறியோடு ஸ்கேல்லிஸ்ட்எடிட். ஆர், பிறகு ஒய், பிறகு இ. குவிந்து கிடக்கும் தேவையில்லாத அளவுகோல்கள் போய்விடும்.

5. சர்வே டிராயிங், பிடிஎஃபிலிருந்து மாற்றிய டிராயிங் என்றால் ஓவர்கில். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் ஒரே கோட்டின் நகல்களை நீக்கும். நீக்கிய பிறகு அசல் டிராயிங்கோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் செய்தும் சிபியு முட்டிக்கொண்டு நின்றால் அப்போது கம்ப்யூட்டரைப் பற்றி யோசிக்கலாம். 2025 பதிப்புக்குக் குறைந்தபட்சம் 8 ஜிபி ரேம் என்று சொல்லியிருந்தாலும் பரிந்துரைப்பது 32 ஜிபி. பிராசஸரிலும் கோர்களின் எண்ணிக்கையைவிட 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடுகிற வேகம்தான் இந்த மென்பொருளுக்கு உதவும். ஏற்கெனவே சொன்ன ஒற்றைக் கோர் விஷயம்தான் காரணம்.

எதற்கும் மசியவில்லை என்றால்

ஸ்டார்ட் மெனுவில் ஆட்டோகேட் ஃபோல்டருக்குள் ரீசெட் செட்டிங்ஸ் டு டிஃபால்ட் என்று ஒன்று இருக்கும். அதை ஓட்டினால் ஆட்டோகேட் புதிதாக நிறுவிய நிலைக்குப் போகும். ஓட்டும் முன் பிரதி எடுத்துக்கொள்ளவா என்று கேட்கும், கட்டாயம் எடுங்கள். சுருக்குக் கட்டளைகள் உள்ள பிஜிபி கோப்பு, பிளாட் தடிமன்கள் உள்ள சிடிபி கோப்புகள், உங்கள் லிஸ்ப் நிரல்கள் ஆகியவற்றைத் தனியாக ஒரு ஃபோல்டரிலும் எடுத்து வையுங்கள்.

ரீசெட் முடிந்ததும் பலர் செய்யும் தப்பு, முன்பு எக்ஸ்போர்ட் செய்த புரொஃபைலை அப்படியே மறுபடி உள்ளே இழுப்பது. செத்துப்போன சர்வர் பாதைகள் அந்தக் கோப்புக்குள்தான் இருக்கின்றன. அதைத் தொடாமல், பிஜிபி, சிடிபி, லிஸ்ப் என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். டிராயிங் ஃபோல்டர்களில் நீங்கள் வைக்காத அக்காட்டாக் என்ற லிஸ்ப் கோப்பு கிடந்தால் அதைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். ஒவ்வொரு டிராயிங் திறக்கும்போதும் அந்தப் பெயருள்ள கோப்பு தானாக ஓடும் என்பதால், வைரஸ் எழுதுபவர்கள் பயன்படுத்துகிற பெயர் அது. ஆன்டிவைரஸில் கொடுத்துச் சோதியுங்கள்.

ஒன்றைச் சேர்த்ததும் அந்த மூன்று நேரங்களையும் மறுபடி எடுத்துத் தாளில் குறியுங்கள். எந்த இடத்தில் எண் திடீரென்று ஏறுகிறதோ, அதற்கு முன் கடைசியாகச் சேர்த்ததைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.