மாடல் ரயிலை வைத்து ரயில் வரலாறு படிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

மேசை மீது ஓடும் குட்டி ரயிலைப் பார்த்துத்தான் பலருக்கும் ரயில் வரலாற்றில் ஆசை பிறக்கிறது. எனக்கும் அப்படித்தான். ஆனால் மாடலை அப்படியே நம்பினால் சில இடங்களில் சறுக்கிவிடும்.

பெரிய சறுக்கல் தண்டவாளத்தில். பிரிட்டிஷ் ரயில்களின் ஓஓ எனப்படும் அளவு மாடல்கள் அசலில் 76.2-ல் ஒரு பங்கு. அவை ஓடும் பாதையின் அகலம் 16.5 மி.மீ. பெருக்கிப் பாருங்கள், சுமார் 1,257 மி.மீ. வரும். அசல் பாதையோ 1,435 மி.மீ. இந்தத் தண்டவாளம் உண்மையில் 87-ல் ஒரு பங்கான ஹெச்ஓ எனப்படும் அளவு மாடல்களுக்கு உரியது. பிரிட்டனில் பாலங்களும் சுரங்கங்களும் தொடக்கத்திலேயே குறுகலாகக் கட்டப்பட்டுவிட்டதால், அங்குள்ள என்ஜின்கள் மற்ற ஐரோப்பிய என்ஜின்களைவிடச் சிறியவை. அவற்றை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் அந்தக் கால மோட்டார் உள்ளே அடங்கவில்லை. எனவே உடலை மட்டும் பெரிதாக்கி, பாதையை அப்படியே விட்டார்கள். மாடலை நேர் எதிரே வைத்துப் பார்த்து, பிரிட்டனின் பாதையே ஒடுக்கம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

வளைவும் அப்படித்தான். 438 மி.மீ. ஆரமுள்ள வளைவு அசலில் வெறும் 33 மீட்டர். எந்த எக்ஸ்பிரஸும் அதில் திரும்பாது.

அடுத்தது ராக்கெட் என்ற பழைய நீராவி என்ஜின். மஞ்சள் நிற மாடலைக் காட்டி 'உலகின் முதல் நீராவி ரயில் என்ஜின்' என்பார்கள். ஆனால் பொறியாளர் ட்ரெவிதிக்கின் என்ஜின் வேல்ஸில் 1804-லேயே வண்டிகளை இழுத்துவிட்டது. ராக்கெட் வந்தது 1829-ல். அதன் பெருமை கொதிகலனுக்குள் ஓடிய 25 செப்புக் குழாய்களில் இருக்கிறது. சூடு படும் பரப்பு கூடி, நீராவி விரைவாகக் கிடைத்தது. மாடலில் அது கண்ணுக்குத் தெரியாது. சாய்வாக நிற்கும் சிலிண்டர்கள்தான் தெரியும். அவற்றையும் சில ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய கிடைமட்டமாக இறக்கிவிட்டார்கள்.

கடைசியாக, காலங்களைக் கலப்பது. 1938-ல் மணிக்கு 203 கி.மீ. வேகத்தில் ஓடிச் சாதனை படைத்த பிரிட்டிஷ் நீராவி என்ஜின் மல்லார்ட் அன்று நீல நிறம், எண் 4468. போர்க்காலத்தில் சக்கரங்களை மூடியிருந்த பக்கத் தகடுகளைக் கழற்றினார்கள். நாட்டுடைமையான பிறகு எண் 60022 ஆனது, பின்னர் பச்சை வண்ணமும் வந்தது. பச்சை மல்லார்ட் மாடலை மேசையில் ஓடவிட்டு, சாதனை நாளைக் காட்டுகிறேன் என்று சொல்வது தவறு. மாடலை வாங்கும்போது முதலில் அந்த எண்ணைப் பாருங்கள், பிறகு சக்கரத்தின் மேல் தகடு இருக்கிறதா என்று பாருங்கள்.