பொருளாளருக்குப் பொன்னாடை: கிளப் நடத்த வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பக்கத்து ஊர்ப் பையன்கள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். குமரிக் கடற்கரையில் பழைய கால்பந்து கிளப் ஒன்று, நிர்வாகம் இப்போதுதான் இவர்கள் கைக்கு வந்திருக்கிறது. மே மாதம் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடுவது) டோர்னமென்ட் வைக்கப் போகிறார்களாம். போனில் பட்ஜெட்டைக் காட்டினார்கள். 'எதிர்பார்க்கும் வரவு' என்று ஒரு வரி, பச்சை நிறத்தில், கொட்டை எழுத்தில். எனக்குப் பழக்கமான வரிதான். 2008-இல் எங்கள் கிளப் நோட்டில் அதை எழுதியவனே நான். பச்சை மை மட்டும் கிடையாது.

பத்து வருடத்துக்கு மேல் ஒரு சின்ன கிளப்புக்குச் செயலாளராக இருந்திருக்கிறேன். அந்தப் பையன்களிடம் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். ரசீது இல்லாமல் செலவு செய்வது, வசூலை வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டுவது, மச்சானுக்குப் பந்தல் கான்ட்ராக்ட் கொடுப்பது எல்லாம் தவறு என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்; தெரிந்தேதான் செய்கிறார்கள். நல்ல எண்ணத்தோடு செய்கிற தவறுகளைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு. பெரிய கிளப்புகளும் நாட்டை ஆளுகிறவர்களும் செய்வது இவற்றையேதான். தொகையில் பூஜ்யங்கள் கூடும், அவ்வளவுதான்.

கோச்சை மாற்றினால் கணக்கு தீர்ந்தது என்று நினைப்பது

இங்கிலாந்தில் பிளாக்பர்ன் ரோவர்ஸ் 1995-இல் பிரீமியர் லீக் சாம்பியன். 2010 நவம்பரில் புனேயைச் சேர்ந்த கோழிப்பண்ணை நிறுவனமான வெங்கீஸ் அதை வாங்கியது. அடுத்த மாதமே பயிற்சியாளர் சாம் அலர்டைஸ் வெளியே. அப்போது அணி 13-ஆம் இடத்தில், ஆபத்தில்லாத நிலையில் இருந்தது. பயிற்சிக் குழுவில் இருந்த ஸ்டீவ் கீனை அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். 2012-இல் அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. இறங்கிய அன்றைய ஆட்டத்தில் ரசிகர் ஒருவர் கிளப் கொடியைப் போர்த்திய கோழி ஒன்றை மைதானத்துக்குள் விட்டார். ஓடும் கோழியைப் பிடிக்க ஆட்டத்தையே நிறுத்த வேண்டியிருந்தது. அதற்கடுத்த சீசனில் பயிற்சியாளர்களாக ஹென்னிங் பெர்க் 57 நாள், மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாள். 2017-இல் இன்னும் ஒரு படி கீழே, மூன்றாம் டிவிஷன். இத்தனை பேரையும் கொண்டுவந்து அனுப்பிய கை மட்டும் மாறவே இல்லை.

ஆகவே மினிட் புக்கில் ஒவ்வொரு நியமனத்துக்கும் முன்மொழிந்தவர் யார், வழிமொழிந்தவர் யார் என்று பெயரோடு எழுதுங்கள். 'ஒருமனதாக' என்ற சொல்லுக்குப் பின்னால் பத்துப் பேர் வசதியாக ஒளிந்துகொள்ளலாம். நானும் ஒளிந்திருக்கிறேன்.

வெற்றுக் காசோலையில் கையெழுத்து

வேண்டாம்.

காசு போடுபவருக்கு எல்லாம் தெரியும் என்று நம்புவது

1885-இல் தொடங்கிய பெரி கிளப்பும் இங்கிலாந்துதான்; இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பை வென்றது. 2018 டிசம்பரில் அது ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. வாங்கியவர் ஸ்டீவ் டேல். நடத்தப் பணம் இருக்கிறதா என்பதற்குச் சான்று கையில் வரும் முன்பே கிளப் அவரிடம் போய்விட்டது. அதற்கு முன்னும் அது கடனில்தான் கிடந்தது. 2019 ஏப்ரல் கடைசியில் வீரர்கள் ஆடி மேல் டிவிஷனுக்கு ஏற்றினார்கள். ஆகஸ்ட் 27-ஆம் தேதி லீக்கே கிளப்பை வெளியேற்றியது. பெரி என்று ஒரு கால்பந்து அணி இருப்பதே தனக்குத் தெரியாது என்று டேல் ஒரு பேட்டியில் சொன்னார். இப்படிப்பட்ட கைமாற்றங்களைக் கண்காணிக்கத் தனி அமைப்பு வேண்டும் என்ற சட்டம் இங்கிலாந்தில் நிறைவேற 2025 ஜூலை ஆயிற்று.

நம் ஊரில் இந்தத் தவறு கல்ஃபிலிருந்து லீவில் வந்து இறங்கும். 'ஜெர்சி நான் எடுத்துத் தாறேன், ஆனா டீமை நான்தான் செலக்ட் பண்ணுவேன்.' ஜெர்சியை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி, நோட்டீஸில் பெயரைப் பெரிதாகப் போடுங்கள். செலக்‌ஷன் கமிட்டி பக்கம் விடாதீர்கள்.

கேள்வி கேட்பவரை மரியாதையாக வெளியே அனுப்புவது

இதை எழுத உட்காரும்போதே எனக்குக் கோபம் வருகிறது. கோபம் என் மேல்தான்.

2008 டோர்னமென்டுக்கு நான் போட்ட கணக்கு இது. முந்தின வருட கேட் கலெக்‌ஷன் 1,20,000 ரூபாய். இந்த வருடம் எப்படியும் 1,50,000 வரும். துபாயில் இருக்கும் ஒருவர் 50,000 தருவதாக போனில் சொல்லியிருந்தார். இதற்கு மேல் நான் செய்ததுதான் உச்சம். முதல் பரிசு 40,000. நம் டீம்தான் ஃபைனல் ஜெயிக்கும், ஆகவே பரிசுப் பணம் வீட்டுக்குள்ளேயே நிற்கும் என்று அதைச் செலவிலிருந்தே எடுத்துவிட்டேன். அந்தத் துணிச்சலில் திருச்சூரிலிருந்து நாலு கெஸ்ட் பிளேயர்களுக்கு அட்வான்ஸ், கமுகுத் தடியில் கேலரி, இரவு ஆட்டத்துக்கு ஜெனரேட்டர்.

பொருளாளர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஊரே 'சார்' என்றுதான் கூப்பிடும். கூட்டத்தில் நோட்டை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். பென்சிலால் மூன்று இடத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைத்தார்.

"மக்கா, மே கடைசியில மழ வந்துட்டா?"

யாரும் பதில் சொல்லவில்லை. மழையைப் பற்றிப் பேசினாலே மழை வந்துவிடுமென்று நினைத்தோமோ என்னவோ. அவர் அத்தோடு விடவில்லை. அடுத்த கூட்டத்திலும் கேட்டார், அதற்கடுத்ததிலும். "சாருக்கு எப்பவும் நெகட்டிவ்தான்" என்று நான் டீக்கடையில் சொன்னேன். அவர் சொல்வது தப்பு என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. தப்பில்லை என்று எனக்கும் தெரியும்.

வயதில் மூத்தவர், நேரடியாக நீக்க முடியாது. அதனால் கிளப்புக்கு 'ஆலோசகர்' என்று புதிதாக ஒரு பதவி உண்டாக்கினோம். மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி, கை தட்டினோம். சார் சிரித்தபடியே வாங்கிக்கொண்டார். சாவிக்கொத்தை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். புதுப் பொருளாளர் கல்லூரி முடித்த பையன். நான் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

மே 26-ஆம் தேதி மழை பிடித்தது. இரண்டு காலிறுதி நாள் முழுக்கத் தண்ணீர். கேட்டில் வசூல் பூஜ்யம். மூன்றாம் நாள் சேற்றில் ஆடி எங்கள் டீம் டைபிரேக்கரில் தோற்றது. துபாய் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். லாட்ஜில் தங்கிய கெஸ்ட் பிளேயர்களுக்கு நாள் வாடகை ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் 93,000 ரூபாய் கடன். ஜெனரேட்டர்காரர் வாசலில் வந்து நின்றபோது கையில் இருந்தது ஒன்றுதான்: பதினாலு வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கு பூட்ஸ் வாங்க தபால் ஆபீஸில் போட்டு வைத்த 18,000. அதை எடுத்தேன். இரண்டு வருடம் அந்தப் பையன்கள் வெறுங்காலில் பிராக்டிஸ் செய்தார்கள்.

பொதுக்குழுவில் என்ன நடந்தது தெரியுமா? குற்றவாளி மழை என்று முடிவாயிற்று. கையெழுத்துப் போட்ட பையனை மாற்றினோம். நான் செயலாளராகவே இருந்தேன்.

இதை எங்கள் ஊர்க் கூத்து என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் கிளப் அப்போது பங்குச் சந்தையில் பட்டியலான நிறுவனம். இயக்குநர் குழு, தணிக்கையாளர் எல்லாம் இருந்தது. 2001-இல் ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் அரையிறுதி வரை போனார்கள். வருடாவருடம் போவோம் என்ற கணக்கில், இனி வரப்போகும் டிக்கெட் வசூலையே ஈடாக வைத்து 6 கோடி பவுண்டு கடன் வாங்கினார்கள். அடுத்தடுத்த சீசன்களில் சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதியே பெறவில்லை. தங்கள் வீரர் ரியோ ஃபெர்டினாண்டை மான்செஸ்டர் யுனைடெடுக்கு விற்றார்கள். 2004-இல் கீழே இறங்கி, அதே வருடம் எலண்ட் ரோடு மைதானத்தையும் விற்றார்கள். பிரீமியர் லீக்குக்குத் திரும்பியது 2020-இல். கிளப் தலைவர் பீட்டர் ரிட்ஸ்டேலின் அறையில் வாடகைக்கு எடுத்த தங்கமீன் தொட்டி இருந்ததைச் சொல்லி இன்றும் சிரிக்கிறார்கள். மீனுக்கான வாடகை சில்லறை. வராத வசூலை அடகு வைத்த அன்று அந்த அறையில் ஒருவரும் பென்சிலை எடுக்காததுதான் எனக்கு உறுத்துகிறது.

பொன்னாடை வேலையை அப்படியே செய்த அரசும் உண்டு. 2022 செப்டம்பரில் லிஸ் டிரஸ் பிரிட்டனின் பிரதமரானார். வந்த சில நாட்களிலேயே நிதித்துறையின் தலைமை அதிகாரி டாம் ஸ்காலரை அனுப்பிவிட்டார்கள். அரசின் கணக்கைத் தனியாக இருந்து சரிபார்க்க 2010-இலிருந்து அங்கே ஓர் அலுவலகம் இருக்கிறது. வழக்கமாக பட்ஜெட்டோடு அதன் மதிப்பீடும் வரும். செப்டம்பர் 23-ஆம் தேதி சுமார் 4,500 கோடி பவுண்டு வரிச் சலுகையை அறிவித்தபோது அந்த மதிப்பீடு இல்லை. மூன்று நாளில் டாலருக்கு எதிராகப் பவுண்டு வரலாறு காணாத அளவு விழுந்தது. 28-ஆம் தேதி பாங்க் ஆஃப் இங்கிலாந்து உள்ளே புகுந்து கடன் பத்திரங்களை வாங்க வேண்டிவந்தது. அக்டோபர் 14-இல் நிதியமைச்சர் குவாசி குவார்ட்டெங் நீக்கம். ஆறு நாள் கழித்துப் பிரதமரே ராஜினாமா. நிதியமைச்சர் நீக்கத்தைப் படித்தபோது எங்கள் கல்லூரிப் பையன் முகம்தான் ஞாபகம் வந்தது.

பட்ஜெட் போடும்போது மூன்று பத்தி பிரியுங்கள்: கையில் இருப்பது, எழுத்தில் இருப்பது, வாயில் இருப்பது. அட்வான்ஸ் கொடுப்பது முதல் பத்தியிலிருந்து மட்டும். இரண்டாவதை நம்பி வாக்குக் கொடுக்கலாம். மூன்றாவதை நோட்டில் ஏற்றவே கூடாது. பொருளாளரை மாற்றுவதாக இருந்தால் அதைச் செயலாளர் முன்மொழியக் கூடாது என்று பைலாவிலேயே எழுதுங்கள். பொதுக்குழு கூடி, கணக்கை வாசித்த பிறகே மாற்ற வேண்டும். இதை நான் எங்கள் பைலாவில் சேர்த்தது 2011-இல். சார் அதற்குள் இறந்துவிட்டார்.

ஜெர்சி நிறத்தில் கை வைப்பது

கார்டிஃப் சிட்டி கால்பந்து கிளப்பை அதன் மலேசிய முதலாளி 2012-இல் நீலத்திலிருந்து சிவப்புக்கு மாற்றினார். 2015 ஜனவரியில் மறுபடி நீலம். இடைப்பட்ட காலம் முழுக்கச் சண்டை.

ராஜினாமாவைப் பொறுப்பேற்பு என்று எடுத்துக்கொள்வது

இலங்கையில் 2019 இறுதியில் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8-ஆகக் குறைத்தார்கள். 2021-இல் இரசாயன உரத்துக்குத் தடை. வயலில் விளைச்சல் படுத்தது. 2022 ஏப்ரல் 12-இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடே அறிவித்தது. ஜூலையில் கோட்டாபய ராஜபக்ச நாட்டை விட்டுப் போனார். ராஜினாமா சிங்கப்பூரிலிருந்து மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. யார் எந்த முடிவை எடுத்தார்கள் என்ற கேள்வி அப்போதும் அப்படியேதான் இருந்தது. அதற்குப் பதில் 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது: ராஜபக்ச சகோதரர்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் உட்படப் பலர் பொது நம்பிக்கையை மீறியவர்கள் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாகத் தரச் சொன்னது 1,50,000 ரூபாய்.

தொகையைப் பார்த்துச் சிரிக்கலாம். பெயர்கள் ஏட்டில் ஏறியதே பெரிது என்று நான் நினைக்கிறேன். எங்கள் 2008 மினிட் புக்கில் 'மழை காரணமாக நட்டம்' என்றுதான் இன்றும் இருக்கிறது.

பையன்கள் கிளம்பும்போது ஒருவன் மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, எங்க ட்ரெஷரர் ஒரு பொண்ணு, இ-சேவை மையம் நடத்துது. அதுவும் இதேதான் கேக்குது, மழ வந்தா என்னன்னு. ரொம்ப டார்ச்சர்." மாற்றிவிடாதே என்று வாசல்வரை போய்ச் சொன்னேன். பிறகு நாலு தடவை போன் செய்து பட்ஜெட்டைத் திருத்தினார்களா என்றும் கேட்டேன்.

நேற்று வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் வந்தது. பொருளாளர் இடத்தில் அந்தப் பெண்ணின் பெயர் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே 'ஆலோசகர்' என்று என் பெயர். தொடக்க நாள் மாலை மேடைக்கு வந்துவிட வேண்டுமாம், பொன்னாடை வாங்கிவிட்டார்களாம்.