ஏரி நுரைக்கும் உயிர் உண்டு: மிகுபுனைவில் நகைச்சுவை சேர்ப்பது எப்படி?

மிகுபுனைவும் (ஃபேன்டசி) அறிவியல் புனைவும் எழுதத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். சிலர் கதை முழுக்க யாரையும் சிரிக்கவே விடுவதில்லை. ஆட்கள் எல்லோரும் சிலை மாதிரி பேசுகிறார்கள். சிலர் வாசகர் சலித்துவிடுவாரோ என்று பக்கத்துக்கு ஒரு ஜோக் வைக்கிறார்கள். அதில் ஆபத்து பொய்யாகிவிடுகிறது. நடுவழியை ஒரு சின்னக் கதையை வளர்த்தபடியே பார்ப்போம்.

களம் பெங்களூர். நகரத்தின் மிகப் பெரிய ஏரியான பெல்லந்தூர் ஏரியில், சுத்திகரிக்காத கழிவுநீரும் சோப்புத்தூள் தண்ணீரும் சேர்ந்து நுரை பொங்கியது தெரிந்திருக்கும். காற்றடித்தால் அது சாலைக்கே பறந்து வந்தது. 2015 மே மாதம் அந்த நுரை தீப்பிடித்தும் எரிந்தது. இத்தனையும் நடந்தவை. இதோடு ஒரே ஒரு கற்பனையைச் சேர்ப்போம்: நுரைக்கு உயிர் இருக்கிறது, தொட்டவரின் நினைவை அது கழுவி எடுத்துக்கொள்ளும். அல்சூரில் இருக்கும் செல்வியின் தம்பி அதில் மாட்டித் திரும்பியிருக்கிறான். அவனுக்கு அக்காவை அடையாளம் தெரியவில்லை.

படி 1: முதலில் சிரிப்பில்லாமல் எழுதுங்கள்

யார் எதை இழக்கப் போகிறார் என்பதைத் தாளின் மேலே ஒரு வரியில் எழுதிவையுங்கள். அந்த வரி உங்களையே கொஞ்சம் கலங்கவைக்க வேண்டும். இழப்பு உறுதியாகத் தெரியாத காட்சியில் வைக்கும் நகைச்சுவை எங்கும் ஒட்டாது.

படி 2: கதையின் விதியைக் கேலி செய்யாதீர்கள்

“நுரையாவது, பேசுறதாவது!” என்று ஒரு பாத்திரம் கிண்டலடித்தால், எழுதியவருக்கே தன் கதைமேல் நம்பிக்கை இல்லை என்று வாசகர் முடிவு கட்டிவிடுவார். உங்கள் ஆட்கள் அந்த விதியை முழுதாக நம்பட்டும். நம்பிவிட்டு, அதனால் வரும் அன்றாடத் தொல்லைகளோடு மல்லுக்கட்டட்டும். நுரை எச்சரிக்கை வந்த நாளில், மொட்டை மாடியில் காயும் துணியை யார் போய் எடுப்பது என்று மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் சண்டை. இரண்டு மாத வாடகை பாக்கி வைத்திருப்பவரை வீட்டுக்காரர் வாசலிலேயே மறிக்கிறார்: “மொதல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் வெளிய போங்க.” இதைப் படிப்பவர் சிரிப்பார். கூடவே, நுரை நினைவை அழிக்கும் என்பதையும் நம்பிவிடுவார். விதியை விளக்கத் தனியாக ஒரு பத்தி தேவைப்படாது.

படி 3: சிரிப்பின் ஊற்றைத் தேர்ந்தெடுங்கள்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்கிறது. அதில் முதலில் வருவதே நகைதான். அது பிறக்கும் இடங்கள் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். புதிதாக எழுதுபவர்கள் எள்ளலை மட்டுமே பிடித்துக்கொள்கிறார்கள். அதனால் எல்லாப் பாத்திரத்துக்கும் ஒரே குத்தல் நாக்கு வந்துவிடுகிறது. மற்ற மூன்றும் குழந்தைத்தனமும் அறியாமையும் சார்ந்தவை. நம் வகைக் கதைக்கு அவைதான் அதிகம் உதவும், ஏனென்றால் அங்கே எல்லோருமே புதிய ஒன்றின் முன்னால் விவரம் தெரியாதவர்கள். அதே இயல் மருட்கைக்கு, அதாவது வியப்புக்கு, முதல் காரணமாகப் புதுமையைச் சொல்கிறது. ஒரே புதுமையைப் பார்த்து ஒருவர் வியக்கலாம், ஒருவர் நடுங்கலாம், இன்னொருவர் தப்பாகப் புரிந்துகொண்டு நம்மைச் சிரிக்கவைக்கலாம். மூவரையும் ஒரே காட்சியில் நிறுத்துங்கள்.

ஏரிக்கரையில் செல்வி, தம்பி, அவர்களின் பாட்டியான ஆயா. நுரை பேசுகிறது.

“ஒரு நினைவைக் கொடு. அவனுடையதைத் திருப்பித் தருகிறேன்.”

ஆயா முந்தானையை இடுப்பில் செருகினாள். “என்னோடத எடுத்துக்கோ. எழுபது வருஷத்து சரக்கு இருக்கு. ஆனா எங்க மாமியாரப் பத்தினத மொத்தமா எடுத்துக்கணும். பாதிய விட்டுட்டுப் போவக்கூடாது.”

“ஆயா, சும்மா இரு!”

“பேரம் பேசாம நான் என்னிக்குடி எதக் குடுத்திருக்கேன்?”

“ஒன்று போதும்,” என்றது நுரை. “உனக்கு மிகவும் பிடித்தது.”

ஆயா பேசவில்லை.

ஆயா ஜோக் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். காய்கறிக் கடையில் பேரம் பேசிய பழக்கத்தில் பேசுகிறாள். பயத்தை அடக்க அவளுக்குத் தெரிந்த வழி அதுதான். நுரையும் அந்த விளையாட்டில் சேரவில்லை. தெருக்கூத்தில் வேடிக்கை பேசும் கட்டியங்காரன் ராஜாவையே கிண்டல் செய்வான். ராஜா வேஷம் கட்டியவர் கம்பீரத்தை விடமாட்டார். உங்கள் கதையில் பயமுறுத்தும் சக்தி எதுவோ, அதற்கும் அந்தக் கம்பீரம் வேண்டும்.

படி 4: எந்த நொடியில்?

கதையில் இழப்பின் அடி விழுவதற்குச் சற்று முன்னால் சிரிப்பை வைக்கலாம். விழுந்து நேரம் கழித்தும் வைக்கலாம். விழும் அந்த நொடியில் மட்டும் கூடாது. மேலே ஆயா வாயடைத்துப்போகும் இடத்தில் இன்னொரு வேடிக்கை வரி சேர்த்துப் பாருங்கள், காட்சியே சரிந்துவிடும்.

படி 5: சிரித்ததையே திருப்பிக் கொண்டுவாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. தம்பிக்கு நினைவு திரும்பிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆயா மாமியாரைத் திட்டிக்கொண்டே வருகிறாள். அந்தச் சண்டைகள் ஒன்றுவிடாமல் ஞாபகம் இருக்கின்றன. தம்பி சிரிக்கிறான், நாமும் சிரிக்கிறோம். அப்புறம் பக்கத்தில் நடந்துவரும் செல்வியைப் பார்த்துக் கேட்கிறாள்: “நீ யாரு வூட்டுப் பொண்ணும்மா?” முதலில் சிரிக்கவைத்த மாமியார் பேச்சு இங்கே வேறு வேலை செய்கிறது. நுரை எதை எடுத்துக்கொண்டது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

படி 6: பேச்சுமொழி

பெங்களூர்த் தமிழில் கன்னடம் தானாகக் கலக்கும். “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி” (கொஞ்சம் அனுசரிச்சுக்கோங்க) என்று நுரையே சொல்லலாம், தான் கழுவியவர்களிடமிருந்து பேச்சைக் கற்றிருந்தால். ஆனால் ஒருவருடைய உச்சரிப்பையே சிரிப்புப் பொருளாக்காதீர்கள். அது மலிவானது, அந்த மொழி பேசும் வாசகருக்கு வலிக்கும்.

படி 7: வெட்டுங்கள்

காட்சியை ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். ஒவ்வொரு வேடிக்கை வரியையும் எடுத்துவிட்டு மறுபடி படியுங்கள். பாத்திரத்தைப் பற்றியோ உலகத்தைப் பற்றியோ எதுவும் குறையவில்லை என்றால், அந்த வரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் போகட்டும்.

பயிற்சிக்கு, அந்த வாடகை வீட்டுக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். நுரை அவரைத் தொட்டுவிட்டது, கையில் கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிறது, அது என்ன தாள் என்று தெரியவில்லை. பாக்கி வைத்தவர் எதிரில் நிற்கிறார். ஒரு பக்கத்துக்குள் எழுதிப் பாருங்கள்.