நம் தெருக் குழந்தைகள் எல்லாருக்கும் காப்பீட்டு அட்டை: எங்கிருந்து தொடங்குவது?

எங்கள் தெருவில் ஒன்றரை வயதுப் பையன் ஒருவனுக்கு இதயத்தில் ஓட்டை இருப்பது தெரிந்த அன்று, அவன் அப்பா ஒரு மஞ்சப்பை நிறையக் காகிதங்களைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் பரப்பினார். காப்பீட்டு அட்டை இருந்தது. ரேஷன் கார்டும் இருந்தது. ஆனால் ரேஷன் கார்டில் அப்பா, அம்மா, அக்கா என்று மூன்றே பெயர். பையனைக் காணோம். "அப்புறம் சேத்துக்கலாம்னு விட்டுட்டோம்க்கா" என்றார். பெயிண்ட் வேலை பார்ப்பவர். ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குக் கூலி கிடையாது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஓடினோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனாலும் அந்த ஓட்டம் இன்னொரு வீட்டுக்கு வரக்கூடாது என்றுதான் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து இந்த வேலையில் இறங்கினோம். உங்கள் தெருவிலும் செய்ய முடியும். எப்படி என்று சொல்கிறேன்.

திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக

தமிழ்நாட்டில் 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 முதல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கானது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். பிரீமியத்தை அரசே கட்டுகிறது. பிறவி இதயக் கோளாறு, காது கேளாத சின்னக் குழந்தைகளுக்கு வைக்கும் காக்ளியர் கருவி, பிறந்த சிசுவுக்கான தீவிர சிகிச்சை எல்லாம் இதில் உண்டு. சாதாரணக் காய்ச்சலுக்கு கிளினிக் போய் ஊசி போட்டால் அந்தக் காசு வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பிறகு உங்களிடம் வந்து வருத்தப்படுவார்கள்.

முதல் வேலை: ஒரு நோட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

வீடு வீடாகப் போக வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் பகலில் இருக்க மாட்டார்கள், அதனால் ஞாயிறு காலை நல்லது. அங்கன்வாடி டீச்சரையோ கிராம சுகாதார செவிலியரையோ கூட அழைத்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டில் எப்போது குழந்தை பிறந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

நாங்கள் முதலில் செய்த தப்பு, "கார்டு இருக்கா?" என்று கேட்டது. எல்லாரும் "இருக்கு" என்றார்கள். நாங்களும் டிக் போட்டுக்கொண்டே போனோம். பாதித் தெரு முடிந்த பிறகுதான் உறைத்தது. திரும்பப் போய், ரேஷன் கார்டை வெளியே எடுக்கச் சொல்லி, அதிலிருக்கும் பெயர்களை வாய்விட்டுப் படித்தோம். ஒரு வீட்டில் படித்து முடித்ததும் அம்மா நிமிர்ந்து, "அப்போ பாப்பா இதுல இல்லையா?" என்றார். பாப்பா அப்போது அவர் மடியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தது.

அதனால் நோட்டில் குழந்தை பெயர், பிறந்த தேதி, பிறப்புச் சான்று, ரேஷன் கார்டில் பெயர், காப்பீட்டு அட்டை என்று ஐந்து பத்தி போடுங்கள். ஆதார் எண்ணை எழுதாதீர்கள். ஒரிஜினல் எதையும் வாங்கி வைக்கவும் வேண்டாம்.

இரண்டாவது வேலை: பெயர் சேர்ப்பது

பாதி உழைப்பு இங்கேதான் போகும். போகட்டும், இதைச் சரியாக முடித்தால் மற்றது சுலபம். காப்பீட்டுத் திட்டம் குடும்பத்தில் யார் யார் என்று ரேஷன் கார்டை வைத்துத்தான் பார்க்கிறது. கார்டில் பெயர் சேர்க்கக் குழந்தையின் பிறப்புச் சான்று வேண்டும். அந்தச் சான்றில் குழந்தையின் பெயர் இருக்க வேண்டும்.

சிக்கல் அங்கேதான் வருகிறது. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்திருப்பார்கள், ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே பதிந்துவிடுவார்கள். ஆனால் அப்போது பெயர் வைத்திருக்க மாட்டார்கள். பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். ஒரு வருடத்துக்குள் போனால் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம், தள்ளிப்போனால் தாமதக் கட்டணம். சான்றில் அப்பா அம்மா பெயர் எழுத்து மாறாமல் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கைரேகை இல்லாமலே ஆதார் எடுப்பார்கள், அதையும் கையோடு முடித்துவிடுங்கள். ரேஷன் கார்டில் சேர்ப்பதை இ-சேவை மையத்திலோ, உணவு வழங்கல் துறையின் இணையதளத்தில் நாமேவோ செய்யலாம்.

மூன்றாவது: வருமானச் சான்று

இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம். வி.ஏ.ஓ. விசாரித்து மேலே அனுப்புவார். அவரைத் தனித்தனியாகப் போய்ப் பார்ப்பதைவிட, பெயர்ப் பட்டியலோடு ஒரே நாளில் எல்லாரும் போனது எங்களுக்கு நன்றாக வேலை செய்தது.

நான்காவது: கலெக்டர் ஆபீஸ்

காப்பீட்டு அட்டைக்கான மையம் அங்கே இருக்கிறது. ரேஷன் கார்டில் பெயர் உள்ள பெரியவர் ஒருவர், ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு நேரில் போக வேண்டும். ஏற்கெனவே அட்டை வைத்திருப்பவர்களும் புதிதாகப் பிறந்த குழந்தையை இங்கே சேர்த்துவிட வேண்டும். இதற்கு யாருக்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை. யாராவது கேட்டால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் சொல்லுங்கள்.

ஏழைக் குடும்பத்துக்கு உண்மையான செலவு அந்த 60 ரூபாய் இல்லை, போய்வரும் நாளின் கூலிதான். எங்கள் மகளிர் குழு மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி, பஸ் காசுக்கும் ஜெராக்ஸுக்கும் கொடுக்கிறது. ஆள் நிறைய இருந்தால், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் பட்டியலோடு மனு கொடுத்து, ஊரிலேயே முகாம் போடச் சொல்லிக் கேளுங்கள்.

நோட்டில் விட்டுப்போகக் கூடிய சிலரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மறுவாழ்வு முகாமில் வாழும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கு வருமான வரம்பே கிடையாது. ஆதரவற்றோர் இல்லங்களில் உள்ள பிள்ளைகளுக்கும் திட்டம் உண்டு. வெளிமாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் இங்கே இருப்பதற்கு உரிய அதிகாரியிடம் சான்று வாங்கினால் சேரலாம். இவர்கள் தாமாக வந்து கேட்க மாட்டார்கள், நாம்தான் தேடிப் போக வேண்டும்.

ஆஸ்பத்திரியில்

திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைதானா என்று அதே இலவச எண்ணில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் இதில் உண்டு. போனவுடன் காப்பீட்டுத் திட்டக் கவுண்டருக்குப் போய், அட்டையையும் ரேஷன் கார்டையும் காட்டி, முன் அனுமதிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அட்டையில் உள்ள எண்ணை இப்போதே இரண்டு பேர் செல்போனில் போட்டு வைத்திருந்தால், ராத்திரி பதற்றத்தில் பையைத் துழாவ வேண்டியிருக்காது.

எங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில், தெருவில் மாசமாக இருக்கும் பெண்களின் பெயரும் பிரசவத் தேதியும் எழுதி வைத்திருக்கிறோம். குழந்தை பிறந்த தகவல் வந்ததும் ஒருவர் பார்க்கப் போவார். போகும்போதே பெயர் முடிவு பண்ணியாச்சா என்று கேட்டு வருவார்.